தாயும் சேயும் நலமா?

“தம்பி, நீங்கள் எழுதிக் கொடுத்த மென்பொருளை மூடிவிட்டேன். ஆனால் மடிக்கணினி இன்னும் இரைந்துகொண்டே இருக்கிறது. அடியில் கை வைத்தால் சுடுகிறது” என்று ஆசிரியர் ஐயா தொலைபேசியில் சொன்னபோது இரவு ஒன்பதரை மணி இருக்கும்.

அவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பழைய நூல்களின் ஸ்கேன் பக்கங்களை எழுத்துணரியில் ஓட்டி, கிடைக்கும் உரையை வரி வரியாகத் திருத்தித் தரும் தன்னார்வலர்களில் ஒருவர். கட்டளை வரியில் வேலை செய்ய அவர்களுக்குப் பழக்கம் இல்லை என்பதால், கோப்புறையை இழுத்துப் போட்டால் போதும் என்கிற மாதிரி ஒரு சின்ன மென்பொருளை நான் எழுதியிருந்தேன்.

“கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள் ஐயா. டாஸ்க் மேனேஜர் என்று ஒரு பட்டியல் வரும். மேலே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன?”

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். “டெசராக்ட். டெசராக்ட். டெசராக்ட். ஒரே பெயரே வருகிறதே தம்பி. எண்ணட்டுமா?” எண்ணினார். 11.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. டெசராக்ட் என்பதுதான் அந்த எழுத்துணரியின் பெயர். என் மென்பொருள் ஒரு நூலை நான்காகப் பிரித்து, பகுதிக்கு ஒன்றாக நான்கு டெசராக்டுகளைத் தொடங்கும். வேலை மெதுவாக நடக்கிறதே என்று ஐயா சாளரத்தை மூடியிருக்கிறார். மீண்டும் திறந்து ஓட்டியிருக்கிறார். பழைய நான்கும் உள்ளே உழைத்துக்கொண்டே இருந்ததால் இந்த முறை இன்னும் மெதுவானது. மறுபடியும் மூடியிருக்கிறார். மூன்று தடவை, தடவைக்கு நான்கு. அவற்றில் ஒன்று மட்டும் வேலையை முடித்துக்கொண்டு போயிருந்தது. மற்ற 11-க்கும் தாய் இல்லை. அவை எழுதும் உரையை வாங்கிக்கொள்ள எவரும் இல்லை. ஆனாலும் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தன.

அன்றிரவு நான் தூங்கவில்லை. இந்தக் கட்டுரையில் உள்ளவற்றில் பெரும்பகுதியை அந்த ஒரு வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலைப் பாடநூல்கள் ‘செயல்முறை’ என்கின்றன. அதை நாங்கள் வேலையிடத்தில் புராசஸ் என்றுதான் சொல்கிறோம். ஒரு புராசஸ் இன்னொன்றைத் தொடங்கினால் தொடங்கியது தாய், தொடங்கப்பட்டது சேய். டெசராக்டை என் மென்பொருளுக்குள்ளேயே நூலகமாக இணைத்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. நான் வேண்டுமென்றேதான் தனி புராசஸாக வைத்தேன். நூறாண்டுப் பழைய தாளின் ஸ்கேனில் கறை இருக்கும், கோப்பு பாதியில் அறுந்திருக்கும். அப்படி ஒரு பக்கத்தில் எழுத்துணரி விழுந்தால் அது மட்டும் விழட்டும். சாளரமும் மற்ற மூன்று பகுதிகளும் நிற்க வேண்டும். இரண்டு புராசஸ்களுக்கு நடுவே இயங்குதளம் எழுப்பும் சுவரைவிட உறுதியான சுவரை என்னால் நிரலில் கட்ட முடியாது.

நான் எழுதும் பைத்தான் மொழியில் சேயைத் தொடங்க ஒரே ஒரு வரி போதும். 2004-இல் வந்த பைத்தான் 2.4-இலிருந்து அதற்கான தொகுதி கூடவே வருகிறது. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் அதே வரிதான். அந்த ஒற்றை வரி என்னை ஏமாற்றிவிட்டது. தொடங்கும் இடத்தில் மூன்று இயங்குதளங்களும் ஒரே முகம் காட்டுகின்றன. சேய் எப்போது முடியும், யார் முடிப்பார், முடிந்தது யாருக்குத் தெரியும் என்று கேட்கும்போதுதான் மூன்றும் மூன்று வழியில் பிரிகின்றன. சேயைத் தொடங்கும் வரியை எழுதும் முன்பே அதை முடிக்கும் வரியை எழுதிவிட வேண்டும் என்று இப்போது நான் நினைக்கிறேன்.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். லினக்ஸ், மேக் இரண்டுக்கும் முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்க நாட்களைப் பற்றி, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. பெல் ஆய்வகத்தில், 1969-இல், பிடிபி-7 என்கிற சிறிய கணினியில் அது பிறந்தது. முதலில் அதில் இருந்தவை இரண்டே புராசஸ்கள். கணினியோடு இரண்டு டெர்மினல்கள் இணைக்கப்பட்டிருந்தன, ஆளுக்கு ஒன்று. நீங்கள் ஒரு கட்டளை கொடுத்தால், அதை வாங்கி ஓட்டும் ‘ஷெல்’ என்கிற நிரல் அந்தக் கட்டளையின் நிரலைத் தன் மேலேயே ஏற்றிக்கொள்ளும். அதாவது ஷெல் அழிந்து கட்டளையாக மாறிவிடும். கட்டளை முடிந்ததும் புதிய ஷெல் ஒன்று மீண்டும் ஏறும். தாயும் இல்லை, சேயும் இல்லை. ஒரே உடல் வேடம் மாற்றிக்கொண்டிருந்தது.

பிறகு ‘ஃபோர்க்’ வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் புராசஸை அப்படியே ஒரு நகல் எடுப்பது. யோசனை புதிதன்று, மெல்வின் கான்வே 1963-லேயே அந்தப் பெயரில் எழுதியிருந்தார், பெர்க்லியின் நேரப்பகிர்வு அமைப்பிலும் அது இருந்தது. பிடிபி-7-இல் அதைச் சேர்க்கத் தேவைப்பட்டது 27 வரி அசெம்பிளி நிரல். புராசஸ் கட்டுப்பாடு முழுவதும் ஓரிரு நாட்களில் எழுதி முடிக்கப்பட்டது என்கிறார் ரிட்சி. ஃபோர்க் என்று ஒருமுறை அழைத்தால் அது இருமுறை திரும்பி வரும். சேயிடம் 0 என்று வரும். தாயிடம் சேயின் எண் வரும். இருவரும் அதே வரியில், அதே நினைவுகளோடு நிற்பார்கள். தாங்கள் யார் என்று அவர்களுக்குச் சொல்வது அந்த ஒரு எண்தான்.

அந்த மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு சிக்கல் தலைகாட்டியது. கோப்புறை மாற்றும் கட்டளை திடீரென வேலை செய்யவில்லை. நிரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் பிழை கிடைக்கவில்லை. கடைசியில்தான் புரிந்தது: கட்டளை இப்போது சேயாக ஓடுகிறது. சேய் தன் கோப்புறையை மாற்றிக்கொண்டு, வேலை முடிந்தது என்று மறைந்துவிடுகிறது. தாயான ஷெல் பழைய இடத்திலேயே நிற்கிறது. அதனால்தான் இன்றுவரை எல்லா ஷெல்களிலும் அந்தக் கட்டளை தனி நிரலாக இல்லாமல் ஷெல்லின் உள்ளேயே இருக்கிறது. ஃபோர்க்கை எழுதியவர்களே முதல் நாளில் தாயையும் சேயையும் குழப்பிக்கொண்டார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நகல் எடுத்த பின் சேய் ‘எக்செக்’ அழைத்துத் தன்னை வேறு நிரலாக மாற்றிக்கொள்கிறது. இந்த இரண்டு அழைப்புகளுக்கும் நடுவே இருக்கும் சிறிய இடைவெளிதான் யூனிக்ஸின் அழகு. அந்த இடைவெளியில் ஓடுவது நம் நிரலே. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பலாம், கோப்புறையை மாற்றலாம், உரிமைகளைக் குறைக்கலாம். பிறகுதான் அந்நிய நிரல் உள்ளே வரும். ஆனால் இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. நகல் என்றால் எல்லாவற்றுக்கும் நகல். திறந்திருக்கும் கோப்புகள், ஒரு புராசஸ் எழுதுவதை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் பைப்கள் எல்லாம் சேயின் கையில் போய்ச் சேரும். ஒரே புராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகளான திரெட்கள் மட்டும் போகாது. ஃபோர்க்கை அழைத்த திரெட் ஒன்றே நகலாகும். வேறொரு திரெட் அந்த நேரத்தில் பொதுத் தரவைக் காக்கும் ஒரு பூட்டைப் பிடித்திருந்தால், சேயின் உலகில் அந்தப் பூட்டு பூட்டியபடியே இருக்கும். திறக்க வேண்டிய ஆள் அங்கே இல்லை. 2019-இல் நான்கு ஆய்வாளர்கள் ஒரு மாநாட்டில் ஃபோர்க்குக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்றே வாதிட்டார்கள். அதே ஆண்டு பைத்தான் 3.8, தன் பல்புராசஸ் தொகுதிக்கு மேக்கில் ஃபோர்க் இயல்புநிலை ஆகாது என்று மாற்றிக்கொண்டது. 2025-இல் வந்த 3.14-இல் லினக்ஸிலும் அப்படியே ஆயிற்று. ஃபோர்க்கின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனாலும் திரெட்கள் ஓடும் மென்பொருளில் அதை நேரடியாகத் தொடமாட்டேன்.

விண்டோஸின் வம்சாவளி வேறு. டிஜிட்டல் நிறுவனத்தில் விஎம்எஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான டேவ் கட்லர் 1988-இல் மைக்ரோசாஃப்டுக்கு வந்தார்; அவர் தலைமையில் எழுதப்பட்ட விண்டோஸ் என்டி 1993-இல் வெளியானது. அங்கே வெற்றுத் தரையிலிருந்து புதிய புராசஸை எழுப்பும் ‘கிரியேட்புராசஸ்’ என்கிற அழைப்புதான் உண்டு. அதற்கு 10 வாதங்கள், அதாவது அழைக்கும்போதே தர வேண்டிய விவரங்கள். யூனிக்ஸில் இடைவெளியில் செய்ததையெல்லாம் இங்கே முன்கூட்டியே படிவம் நிரப்பித் தந்துவிட வேண்டும். பதிலாகத் தாய்க்கு ஒரு ஹேண்டில் கிடைக்கும். அது கையில் இருக்கும்வரை சேயைக் கவனிக்கலாம், காத்திருக்கலாம், முடிக்கலாம். தாயின் எண் சேயின் குறிப்பில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் தாய் மறைந்த பின் அதே எண் வேறு எவருக்கோ போய்விடலாம். அந்த எண்ணை நம்பி உறவு கொண்டாட முடியாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாய் இறந்தால் சேயும் இறக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். யூனிக்ஸிலும் அப்படி இல்லை, விண்டோஸிலும் அப்படி இல்லை. யூனிக்ஸில் அநாதையான சேயை எண் 1 உள்ள புராசஸ் தத்தெடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அப்படியானால் என் லினக்ஸ் கணினியில் இத்தனை மாதமாக ஒரு டெசராக்டும் மிஞ்சாதது எப்படி?

அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு காரணங்கள், இரண்டும் தற்செயல். ஒன்று, நான் எப்போதும் டெர்மினலிலிருந்து சோதித்தேன். கண்ட்ரோல்-சி அழுத்தினால் டெர்மினல் ‘நிறுத்து’ என்கிற செய்தியை, அதாவது ஒரு சிக்னலை, முன்னணியில் உள்ள புராசஸ் குழு முழுவதற்கும் அனுப்புகிறது. தாயும் சேய்களும் ஒரே குழு என்பதால் எல்லாம் ஒன்றாகப் போயின. இரண்டாவது நுட்பமானது. டெசராக்ட் ஒவ்வொரு பக்கத்தையும் தொடங்கும்போது ‘பக்கம் இத்தனை’ என்று ஒரு வரியை, செய்திகளுக்கென்று தனியாக உள்ள பிழை வெளியீட்டில் எழுதும். அந்த வெளியீட்டை நான் ஒரு பைப் வழியாக வாங்கிக்கொண்டிருந்தேன். தாய் மறைந்ததும் பைப்பின் வாங்கும் முனை மூடிவிடும். வாங்க ஆளில்லாத பைப்பில் எழுத முயன்றால் யூனிக்ஸ் ‘சிக்பைப்’ என்கிற சிக்னலை அனுப்பும். அதைக் கையாளாத நிரல் அங்கேயே முடிந்துவிடும். ஆக, அடுத்த பக்கத்துக்கு நகரும் கணத்தில் ஒவ்வொரு டெசராக்டும் தானே செத்தது. விண்டோஸில் அப்படி ஒரு சிக்னல் கிடையாது. எழுதும் அழைப்பு தோல்வி என்று திரும்பும். அச்சிடும் வரி தோற்றதா என்று எந்த நிரல்தான் பார்க்கிறது? டெசராக்ட் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போயிற்று. ஐயாவின் மடிக்கணினி சுட்டது.

சரிசெய்யும் வழிகளும் ஊருக்கு ஒன்று. விண்டோஸ் 2000-இலிருந்து ‘ஜாப் ஆப்ஜெக்ட்’ என்று ஒன்று இருக்கிறது. புராசஸ்களை அதில் சேர்க்கலாம். அந்த ஜாபின் கடைசி ஹேண்டில் மூடும்போது உள்ளே இருப்பவை எல்லாம் முடிய வேண்டும் என்று ஒரு கொடி வைக்கலாம். தாய் எப்படிப் போனாலும், தானாக மூடினாலும் விழுந்தாலும் டாஸ்க் மேனேஜரில் கொல்லப்பட்டாலும், அதன் ஹேண்டில்களை இயங்குதளத்தின் மையமான கெர்னல் மூடியே தீரும். அந்தக் கணத்தில் சேய்களும் போகும். சேயைத் தொடங்கிவிட்டு ஜாபில் சேர்ப்பதற்குள் அது பேரன் ஒருவனைப் பெற்றுவிட்டால் அவன் வெளியே நின்றுவிடுவான். அதனால் தொடங்கியதுமே தாய் தன்னையே ஜாபில் சேர்த்துக்கொள்ளும்படி எழுதினேன். பிறகு பிறப்பவர்கள் எல்லாரும் உள்ளேதான் பிறப்பார்கள். விண்டோஸ் 8-க்கு முன்பு ஒரு புராசஸ் ஒரு ஜாபில்தான் இருக்க முடியும் என்ற தடை இருந்தது. இப்போது ஜாபுக்குள் ஜாப் வைக்கலாம். இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு லினக்ஸில் சாதாரண மென்பொருளின் கைக்கெட்டும் இடத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

லினக்ஸில் வேறொன்று இருக்கிறது: ‘தாய் இறந்தால் எனக்கு இந்தச் சிக்னலை அனுப்பு’ என்று சேய் தன்னைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தேன். டெசராக்டுகள் நட்ட நடுவில் காரணமே இல்லாமல் சாகத் தொடங்கின. தாய் உயிரோடுதான் இருந்தது. கையேட்டை வரி வரியாகப் படித்தபோது விடை கிடைத்தது. இந்த இடத்தில் ‘தாய்’ என்று லினக்ஸ் கருதுவது முழுப் புராசஸை அன்று, சேயைத் தொடங்கிய திரெடை. நான் ஒரு துணைத் திரெடிலிருந்து சேயைத் தொடங்கினேன். அந்தத் திரெட் தன் வேலை முடிந்து கலைந்தது. கெர்னல் சொன்னபடி சிக்னலை அனுப்பியது. மேக்கிலோ அந்த வசதியே கிடையாது.

கடைசியில் லினக்ஸ், மேக் இரண்டுக்கும் ஒரே வழியைப் பிடித்தேன். தாய்க்கும் டெசராக்டுக்கும் நடுவே ஒரு சின்னக் காவலர் புராசஸ். தாய் ஒரு பைப்பின் எழுதும் முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும், எதையும் எழுதாது. காவலர் மறுமுனையில் படிக்கக் காத்திருக்கும். தாய் எந்த வகையில் மறைந்தாலும் கெர்னல் அந்த முனையை மூடும், காவலருக்குக் ‘கோப்பு முடிந்தது’ என்று வரும். உடனே அது தன் பொறுப்பில் உள்ள புராசஸ் குழு முழுவதற்கும் ‘முடித்துக்கொள்’ என்று கேட்கும் ‘சிக்டெர்ம்’ சிக்னலை அனுப்பும். ஐந்து விநாடியில் போகாதவற்றுக்கு, கட்டாயமாகக் கொல்லும் ‘சிக்கில்’. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அந்த எழுதும் முனை தவறிப்போய் வேறொரு சேயின் கைக்குப் போய்விடக் கூடாது. போனால் தாய் இறந்த பிறகும் பைப் திறந்தே இருக்கும், காவலர் காத்துக்கொண்டே இருக்கும். நல்லவேளையாக 2014-இல் வந்த பைத்தான் 3.4 முதல், திறந்த கோப்புகள் சேய்க்குப் போகாமல் இருப்பதே இயல்புநிலை.

பைப்பைப் பற்றிச் சொல்லும்போது இதற்கும் முந்தைய ஒரு வழு நினைவுக்கு வருகிறது. மென்பொருளின் முதல் பதிப்பில் ஒரு நூலுக்கு ஒரே சேய். என் கணினியில் 312 பக்க நூல் தடையின்றி ஓடி முடிந்தது. விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்கு நாற்பது பக்கங்களைச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிட்டது. பிழைச்செய்தி இல்லை, சிபியூ ஓடவில்லை, நிரல் விழவும் இல்லை. அமைதி. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு ஓட்டினால் அடுத்த பக்கத்தில் நின்றது. பக்கத்தில் குற்றமில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

நான் சேயின் பிழை வெளியீட்டைப் பைப்பில் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு, சேய் முடியட்டும், பிறகு மொத்தமாகப் படித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். பைப்புக்கு ஒரு கொள்ளளவு உண்டு. லினக்ஸில் அது வழக்கமாக 64 கிலோபைட். விண்டோஸில் அளவு எதையும் குறிப்பிட்டுக் கேட்காவிட்டால் பொதுவாக 4 கிலோபைட்தான். பக்கத்துக்கு ஒரு வரி, கோப்பின் நீண்ட பாதையோடு சேர்த்து ஏறத்தாழ 100 பைட். பெருக்கிப் பார்த்தால் நாற்பதை ஒட்டிய பக்கத்தில் 4 கிலோபைட் நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் இடம் காலியாகட்டும் என்று சேய் நிற்கிறது. சேய் முடியட்டும் என்று தாய் நிற்கிறது. என் லினக்ஸில் 312 பக்கத்துக்கும் சுமார் 31 கிலோபைட் ஆனதால் பிழைத்தது. 700 பக்க அகராதி கிடைத்திருந்தால் என் கணினியிலும் நின்றிருக்கும். அன்றிலிருந்து சேயின் ஒவ்வொரு வெளியீட்டையும் தொடர்ந்து படிக்க ஒரு திரெட் வைக்கிறேன். படிக்கும் எண்ணம் இல்லையென்றால் பைப்பே கேட்பதில்லை.

அடுத்தது கட்டளை வரி. யூனிக்ஸில் சேய்க்கு வாதங்கள் தனித்தனியாக, ஒரு வரிசையாகப் போகின்றன. நடுவில் இடைவெளி இருந்தாலும் மேற்கோள்குறி இருந்தாலும் கவலையில்லை. விண்டோஸில் முழுவதும் ஒரே சரமாகத்தான் போகும், அதிகபட்சம் 32,767 எழுத்துகள். அதைத் துண்டாக்குவது சேயின் பொறுப்பு. அதற்கு ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். ஒரு தன்னார்வலரின் கோப்புறை டி:\பழைய நூல்கள்\ என்று இருந்தது. பெயரில் இடைவெளி இருக்கிறதே என்று இருபுறமும் மேற்கோள்குறி போட்டு நானே சரத்தைக் கட்டினேன். கடைசிப் பின்சாய்கோடும் அதை ஒட்டிய மேற்கோள்குறியும் சேர்ந்தால், ‘இது முடிவுக்குறி அன்று, பெயரின் பகுதி’ என்று பொருளாகிவிடும். அடுத்த வாதமும் அதற்கடுத்ததும் கோப்புறையின் பெயருக்குள் போய் ஒட்டிக்கொண்டன. இப்போது எப்போதும் வாதங்களைப் பட்டியலாகவே தருகிறேன். மேற்கோள்குறி வைக்கும் வேலையை அதை அறிந்த நூலகம் பார்த்துக்கொள்ளட்டும். நூலகங்களுக்குமே இது எளிதன்று. 2024 ஏப்ரலில், கட்டளைகளைத் தொகுத்து வைக்கும் விண்டோஸ் பேட்ச் கோப்புகளுக்கு வாதம் அனுப்பும்போது இருந்த ஓட்டையை அடைக்க ரஸ்ட் மொழி 1.77.2 என்ற பதிப்பையே வெளியிட வேண்டியிருந்தது.

தமிழ் போன்ற மொழிகளில் வேலை செய்பவர்கள் சந்திக்கும் ஒரு சிக்கல் இதற்குள் இருக்கிறது. எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணைகளான, விண்டோஸின் பழைய எட்டு பிட் எழுத்துப் பக்கங்களில் தமிழுக்கு இடமே கிடையாது. அந்த இயங்குதளத்தில் தமிழ் தொடக்கம் முதல் யூனிகோட் வழியாக மட்டுமே வந்தது. எனவே வாதங்களைப் பழைய முறையில் பெறும் எந்த நிரலுக்கும் தமிழ்க் கோப்புப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத்தான் போய்ச் சேரும். வெளியீட்டிலும் அதே கதை. ‘மழை’ என்று ஒரே சொல்லை அச்சிடும் பைத்தான் நிரலை ஐயாவின் கணினியில் நேரடியாக ஓட்டினேன், சரியாக வந்தது. அதையே சேயாக ஓட்டினேன், எழுத்தைக் குறியாக்க முடியவில்லை என்று விழுந்தது. திரையில் எழுதும்போது பைத்தான் யூனிகோட் வழியில் போகிறது. பைப்பில் எழுதும்போது பழைய எழுத்துப் பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. தொடங்கும்போது சேய்க்குத் தரும் அமைப்புகளான சூழல் மாறிகளில், யூனிகோடை எழுதும் யுடிஎஃப்-8 முறையை இயக்கும் ஒன்றைச் சேர்த்த பிறகு மழை பெய்தது. கோப்புப் பெயர்களுக்கு, பக்கங்களைத் தற்காலிகக் கோப்புறையில் வெறும் எண்களாகப் பெயரிட்டு வைத்து ஓட்டுகிறேன். தமிழ்ப் பெயரைத் தமிழ்ப் பெயராகவே அனுப்ப முடியாத வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சூழல் மாறிகளிலும் கவனம் வேண்டும். விண்டோஸில் ஆர்வக்கோளாறாக எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் சேய்க்குச் சுத்தமான சூழல் தந்தால், விண்டோஸ் இருக்கும் இடத்தைச் சொல்லும் ‘சிஸ்டம்ரூட்’ இல்லாமல் பல நிரல்கள் எழவே எழாது. மேக்கில் ஃபைண்டரிலிருந்து திறந்த மென்பொருளுக்கு டெர்மினலில் இருக்கும், நிரல்களைத் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் பாதைப் பட்டியல் கிடைக்காது. ஹோம்புரூ என்கிற நிறுவல் கருவி நிறுவிய டெசராக்ட் அங்கே இருந்தும், ‘காணவில்லை’ என்று மென்பொருள் சொல்லும். டெசராக்ட் உள்ளுக்குள் நான்கு திரெட் வரை தானே பிரிந்துகொள்ளும்; நான்கு சேய்களை ஓட்டினால் நான்கு கோர் கணினியில் 16 பேர் முட்டிக்கொள்வார்கள். திரெட் எண்ணிக்கையை 1 ஆக்கும் சூழல் மாறியைத் தந்ததும் அதே நூல் கண்ணெதிரே வேகமாக ஓடியது.

முடிந்த சேயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யூனிக்ஸில் சேய் முடிந்த பின்னும் அதன் முடிவுநிலை ஒரு சிறு குறிப்பாகக் கெர்னலில் கிடக்கும், தாய் வந்து வாங்கிக்கொள்ளும்வரை. வாங்காவிட்டால் பட்டியலில் அது ஸோம்பியாக நிற்கும். கொள்ளி வைக்க ஆள் வராத உடல் போல. நினைவகம் பிடிக்காது, சிபியூ பிடிக்காது. புராசஸ் எண் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். நூல்களைச் சர்வர் ஒன்றில், தனித்த சூழலான கன்டெய்னருக்குள் ஓட்டத் தொடங்கியபோதுதான் இதை நேரில் பார்த்தேன். அங்கே என் நிரலே எண் 1. எல்லா அநாதைகளும் அதனிடம் வந்து சேர்ந்தன, அவற்றை வாங்கிக்கொள்ள அதற்குத் தெரியவில்லை. அதற்கென்றே எழுதப்பட்ட ‘டினி’ என்கிற சிறிய நிரலை எண் 1 ஆக வைத்ததும் பட்டியல் சுத்தமானது.

முடிவுநிலை எண்ணை வீசி எறியாமல் எழுதி வையுங்கள். ஷெல் 137 என்று சொன்னால் 128-ஓடு 9, அதாவது யாரோ சிக்கில் அனுப்பியிருக்கிறார்கள். பல நேரம் நினைவகம் தீர்ந்து கெர்னலே அனுப்பியிருக்கும். பைத்தான் அதையே -9 என்று சொல்லும். விண்டோஸில் ஒரு நாள் ஐயா “3221225477 என்று என்னவோ வருகிறது தம்பி” என்றார். அது தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டு விழுந்த நிரலின் கையெழுத்து. கோப்பை வாங்கிப் பார்த்தேன். ஸ்கேன் பாதியில் அறுந்திருந்தது. வேறெந்தப் பக்கமும் பாதிக்கப்படவில்லை.

புதிய பதிப்பில் நூலைப் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்தேன். சேய் தற்காலிகப் பெயரில்தான் எழுதும். முடிவுநிலை 0 என்று வந்த பிறகே தாய் அதற்கு உண்மைப் பெயர் சூட்டும். விண்டோஸில் சேயை முடிப்பது என்றால் ஒரே வெட்டு. கடைசி வரியை எழுதிவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சும் அவகாசம் அதற்குக் கிடைக்காது. பாதி எழுதிய கோப்பை முழு உரை என்று எவரும் நம்பிவிடக் கூடாது.

அதை அனுப்பிய மறுநாள் மாலை ஐயாவை அழைத்தேன். ஒரு நூலை ஓட்டவிட்டு, டாஸ்க் மேனேஜரையும் திறந்து வைக்கச் சொன்னேன்.

“டெசராக்ட் எத்தனை இருக்கிறது ஐயா?”

“நான்கு.”

“இப்போது நம் மென்பொருளின் பெயரை அந்தப் பட்டியலில் தேர்ந்தெடுத்து, அங்கிருந்தே முடித்துவிடுங்கள். சாளரத்தை மூடும் பொத்தான் வேண்டாம்.”

“பாதி நூலில் இருக்கிறதே தம்பி?”

“இருக்கட்டும் ஐயா.”

சொடுக்கும் ஓசை கேட்டது. பிறகு சற்று நேரம் ஒன்றும் இல்லை. தொலைபேசியில் அவர் வீட்டு மின்விசிறியின் சத்தமும், அதற்கடியில் மடிக்கணினியின் இரைச்சல் மெல்ல இறங்குவதும் கேட்டன.

“நான்கும் போய்விட்டன. ஒன்றுகூட இல்லை” என்றார். “மறுபடி திறந்தால் முதலிலிருந்தா ஆரம்பிக்கும்?”

“இல்லை ஐயா. கடைசியாக முடிந்த பத்துப் பக்கத்துக்கு அப்புறமிருந்து.”

“நல்லது. அது ஓடட்டும். 87-ஆம் பக்கத்தில் எல்லா ‘ழ’வையும் ‘மு’ என்று படித்து வைத்திருக்கிறது. நான் அதைத் திருத்துகிறேன்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.